வற்றிய அருவியையும் படமெடுங்கள்

(திருவரங்கத்தில் ஒளிப்பட ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேமராவும் ஸ்டாண்டும் வைத்திருக்கும் திருச்சிக்காரர்கள் புரட்டாசி பிறந்ததும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி உங்களுக்குத் தெரியும்: "கொல்லிமலை ஆகாய கங்கையில தண்ணி எப்படி இருக்கு, போகலாமா?" மழை நன்றாகப் பெய்த ஆண்டில் பதில் எளிது. பொய்த்த ஆண்டில் "ஒண்ணும் இல்லை, போகாதீங்க" என்று சொல்லிவிடுகிறோம். வண்டி கிளம்புவதில்லை. கேமரா அலமாரியிலேயே இருந்துவிடுகிறது.

அந்தப் பயணத்தைக் கைவிடக் கூடாது என்று சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். தண்ணீர் குறைந்த ஆண்டிலும் அருவிக்குப் போக வேண்டும், படமெடுக்க வேண்டும், அந்தப் படத்துக்குத் தேதி எழுதி வைக்க வேண்டும். நிறைந்த அருவியை மட்டுமே நாம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறோம். அதனால் நம் மலைகளுக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்று நாளைக்கு யாராவது கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது.

நம் ஊரின் தண்ணீர்க் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். முக்கொம்பில் பிரிகிற காவிரியும் கொள்ளிடமும் நாம் இப்போது இருக்கும் இந்தத் தீவைச் சுற்றிக்கொண்டு கல்லணைப் பக்கம் போகின்றன. திருவரங்கத்தில் நிற்கிற ஒருவருக்குத் தண்ணீர் இரண்டு இடங்களிலிருந்து, இரண்டு வேறு பருவங்களில் வருகிறது. காவிரியில் வருவது குடகிலும் வயநாட்டிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை. கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் அருவிகளைப் பெருக வைப்பதில் முக்கியமானது ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. அதனால்தான் ஆடியில் அம்மா மண்டபப் படித்துறையில் ஆறு கரைபுரண்டு ஓடும்போது, 70 கிலோமீட்டர் தள்ளிக் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலையில் கணுக்காலளவு தண்ணீர்தான் இருக்கலாம். மார்கழியில் நிலைமை தலைகீழாகலாம்.

2018 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்துத் தூண்கள் சரிந்தன. ஆகஸ்ட் 22 இரவில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் காலத்தில், 1830-களில் கட்டிய அணை அது. அந்த வெள்ளம் முழுக்க மேலே, கர்நாடகத்திலும் கேரளத்திலும் பெய்த மழை. அந்த நாட்களில் ஆற்றைப் பார்த்துவிட்டு "அருவியும் இப்படித்தான் இருக்கும்" என்று துறையூர் வழியாக மலைக்குக் கிளம்பியவர்கள் ஏமாந்துதான் திரும்பியிருப்பார்கள்.

இரண்டு மழையும் சேர்ந்து பொய்ப்பதும் உண்டு. 2016 அப்படிப்பட்ட ஆண்டு. வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 440 மில்லிமீட்டர் கிடைக்க வேண்டும். அந்த ஆண்டு கிடைத்தது 168 மில்லிமீட்டர். 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2017-ல் அக்டோபர் 2-ல்தான் திறந்தது. ஆடிப்பெருக்கன்று காவிரித் தாய்க்குப் படைக்க முளைப்பாரியோடும் கருகமணியோடும் வந்த பெண்கள் மணலைப் பார்த்து நின்றார்கள். ஆறு வறளும் ஆண்டுகளில் இங்கே படித்துறையில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயில் விட்டுக் குளிக்க வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆற்றின் வறட்சியை இப்படி ஊரே பார்க்கிறது. பத்திரிகைகள் படம் போடுகின்றன. மேட்டூர் நீர்மட்டம் இத்தனை அடி என்று நாள்தோறும் செய்தி வருகிறது. மலைமேல் இருக்கும் அருவிக்கு அந்தக் கவனிப்பு இல்லை. அதன் நீர்மட்டத்தை யாரும் அறிவிப்பதில்லை. அது மெலிந்ததும் மீண்டதும் அந்த மலையில் வாழ்கிறவர்களுக்கு மட்டுமே தெரியும்.

இப்போது கொஞ்சம் தொலைவுக்குப் போவோம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் யோசமிட்டி அருவி இருக்கிறது. உயரம் 2,425 அடி. உலகெங்குமுள்ள ஒளிப்படக்காரர்கள் தேடிப் போகும் இடம். அந்த அருவிக்கு உயிர் கொடுப்பது மழைக்காலம் அல்ல, பனிக்காலம். குளிர்காலத்தில் சியரா நெவாடா மலைமுகட்டில் பனி விழுந்து படிந்துகொண்டே இருக்கும். வெயில் ஏற ஏற உருகி, மே மாதத்தில் அருவி உச்சத்துக்கு வரும். கோடை முடிவில் வழக்கமான ஆண்டிலேயே வற்றிப் போகும். பனி குறைந்த ஆண்டில் அதற்கும் முன்பே. நம் வீட்டுக் குதிரில் நெல் சேர்ப்பதுபோல அந்த மலை குளிர்கால ஈரத்தைப் பனியாகச் சேர்த்து வைத்துக் கோடையில் அளந்து கொடுக்கிறது. 2015 ஏப்ரல் 1 அன்று அந்த மாநில ஆளுநர் ஜெர்ரி பிரவுன் பனி அளக்கும் வழக்கமான இடம் ஒன்றுக்குப் போனார். சராசரியாக ஐந்தரை அடி பனி இருக்க வேண்டிய நாள் அது. அவர் நின்றது வெறும் புல்தரையில். மாநிலம் முழுவதுக்குமான பனி இருப்பு சராசரியில் 5 சதவீதமே இருந்தது. அந்த இடத்திலேயே, மாநில வரலாற்றில் முதன்முறையாகக் கட்டாயத் தண்ணீர்க் கட்டுப்பாட்டை அவர் அறிவித்தார். புல்தரையில் நிற்கும் அந்தப் படம், எத்தனையோ அறிக்கைகள் சொல்ல முடியாததை மக்களுக்குச் சொன்னது.

நமக்கு அருகிலேயே இமயமலை இருக்கிறது. 2025-ல் இந்துகுஷ் இமயமலைப் பகுதியில் தரையில் பனி நீடித்திருந்த அளவு வழக்கத்தைவிட ஏறத்தாழ 24 சதவீதம் குறைவு என்றும், 23 ஆண்டுகளில் இதுவே மிகக் குறைவு என்றும் காத்மாண்டுவிலுள்ள மலைப்பகுதி ஆய்வு மையம் சொன்னது. மணாலிக்கும் தர்மசாலாவுக்கும் அருவிப் படமெடுக்கப் போகும் நம்மவர்கள் இனி இந்தச் செய்தியையும் பார்த்துவிட்டுத்தான் ரயில் டிக்கெட் போட வேண்டும்.

நம் கொல்லிமலையில் பனி இல்லை. ஆயிரம், ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் பெய்கிற மழையை எது பிடித்து வைக்கிறது? பள்ளத்தாக்குகளிலும் சரிவுகளிலும் எஞ்சியிருக்கும் காடுதான். மரத்தடியில் பல ஆண்டுகளாக மக்கிய சருகு, அதன் கீழே கறுத்த மண், மண்ணுக்குக் கீழே விரிசல் விட்ட பாறை. மழை அங்கே இறங்கித் தங்கி, ஊற்றுகளாகக் கசிந்து, சிற்றோடைகளாகச் சேர்ந்து, அய்யாறாக அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் வந்து, அதற்குக் கீழே ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கையாக விழுகிறது. கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி அதைப் பார்க்கிறோம். அதே தண்ணீர் மலையின் மறுபக்கம் இறங்கிப் புளியஞ்சோலையில் நம் மாவட்டத்துக்குள் நுழைகிறது.

மழை நின்று ஒரு மாதம் கழித்தும் அருவியில் விழுகிற தண்ணீர், மண்ணுக்குள்ளிருந்து வருகிற தண்ணீர். ஆகவே அருவி மெலிவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் இருக்க முடியும். மழை குறைந்திருக்கலாம். அல்லது மழை பெய்தும் அதைப் பிடித்து வைக்கும் மண்ணின் சக்தி குறைந்திருக்கலாம். முதலாவது வானத்தின் கையில் இருக்கிறது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

கொல்லிமலையில் இந்த இரண்டாவது காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு விதைத்தவர்கள். பிறகு மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகள் அதைக் காசு கொடுத்து வாங்கின. பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் கடனை அடைக்கவும் காசு வேண்டும் என்கிற குடும்பம் மரவள்ளி போட்டதில் தவறு காண எனக்கு உரிமையில்லை. ஆனால் சரிவான நிலத்தில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் பெயர்கிறது. பெயர்ந்த மண் அடுத்த மழையில் ஓடையில் இறங்குகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக அந்த மலையில் சிறுதானியங்களை மீட்க மக்களோடு வேலை செய்துவந்திருக்கிறது. சாமை விலை போனால் மண் தங்கும். மண் தங்கினால் அருவி தங்கும். கொல்லிமலைச் செம்மேட்டில் சாமை அரிசி ஒரு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் ஒளிப்படக்காரர் அருவிக்கும் ஏதோ செய்தவராகிறார். இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்கிறேன்.

பச்சைமலையில் நிலைமை இதைவிட நொய்மையானது. மங்களம் அருவி, பெரம்பலூர்ப் பக்கத்துக் கோரையாறு, மயிலூற்று ஆகியவை மழைக்குப் பிறகு சில வாரங்களே நன்றாக ஓடுபவை. அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி சிறியது. சிறிய அருவிதான் வறட்சியை முதலில் சொல்லும். ஆகாய கங்கை மெலிவதற்கு வெகு நாள் முன்பே மயிலூற்று நின்றுபோகும். கவனிக்கத் தெரிந்தவருக்கு அது முன்னறிவிப்பு.

இனிக் கேமராவின் பக்கம் வருகிறேன். இந்தப் பகுதியைக் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன். நம் கலை தெரிந்தும் தெரியாமலும் ஒரு பொய்யைச் சொல்லிவிடக் கூடிய இடம் இது.

அருவியைப் படமெடுக்கும் எல்லோரும் ஷட்டரைத் தாமதமாக்குகிறோம். ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு நொடி, இரண்டு நொடி திறந்து வைக்கிறோம். அந்த நேரத்தில் பாறையில் இங்குமங்கும் தெறித்து விழும் துளிகள் எல்லாம் படத்தில் ஒன்றாகச் சேர்கின்றன. நான்கு இழையாக விழுந்த தண்ணீர் ஒரே வெண்துகிலாகத் தெரிகிறது. அழகுக்கு அது சரி. அளவுக்கு அது பொய். வறண்ட ஆண்டின் மெலிந்த அருவியை இரண்டு நொடியில் எடுத்த படத்தையும், நல்ல ஆண்டில் நொடியின் இருநூற்றைம்பதில் ஒரு பங்கில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வறண்ட ஆண்டில்தான் தண்ணீர் அதிகம் என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார். 

ஆகவே என் வேண்டுகோள்: ஒவ்வொரு அருவியிலும் இரண்டு படம் எடுங்கள். ஒன்று உங்கள் மனத்துக்கு. எந்த வேகத்திலும் எடுங்கள். மற்றொன்று பதிவுக்கு, எப்போதும் ஒரே வேகத்தில், நொடியின் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், அதே குவியத்தூரத்தில், அதே இடத்தில் நின்று எடுங்கள். 

இந்தத் தாமத ஷட்டர் ஒரு காலத்தில் விருப்பம் சார்ந்ததாக இருக்கவில்லை. 1858-ல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நம் ஊருக்கு வந்தார். மலைக்கோட்டையையும் திருவரங்கத்தையும் படமெடுத்தார். மெழுகு தடவிய காகிதத்தை நெகட்டிவாக்கி எடுத்த அவருக்கு நீண்ட நேரம் திறந்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஓடும் நீரைத் துளி துளியாகப் பிடிக்கும் வசதி அவருக்கு இல்லை. நமக்கு இருக்கிறது. இருந்தும் நாம் ஒரே ஒரு விதமாகவே எடுத்துக்கொண்டிருந்தால், அவரைவிடக் குறைவாகவே சாட்சி சொல்கிறவர்களாவோம்.

அவருக்கும் முன்னால், 1792-ல், தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் தென்னாட்டில் பயணம் செய்து, காவிரியிலிருந்து தெரியும் மலைக்கோட்டையையும், பாபநாசம், குற்றாலம் அருவிகளையும் வரைந்தார்கள். 230 ஆண்டுகளுக்கு முந்தைய அருவி ஒன்றின் உருவம் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் ஓவியர் தேடிப் போவதும் கம்பீரமான அருவியைத்தான். மெலிந்த அருவியை வரைய அந்தக் காலத்திலும் யாரும் மலையேறவில்லை. அந்த வழக்கத்தைத்தான் நாமும் தொடர்கிறோம்.

மெலிந்த அருவியில் என்ன படமெடுப்பது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நீர் நிறைந்த நாளில் சாரலும் வெள்ளை நுரையும் மறைத்துவிடுகிற பாறை வறட்சியில் முழுதாக வெளியே வருகிறது. கொல்லிமலைப் பாறை சார்னோகைட் வகை. நனைந்தால் நீலக் கருமை, உலர்ந்தால் சாம்பல். போலரைசர் ஃபில்டரைத் திருப்பிப் பளபளப்பை நீக்கினால் நனைந்த பகுதியின் நிறம் ஆழமாகத் தெரியும். அந்தப் பாறையிலேயே ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். ஆண்டுதோறும் தண்ணீர் வழிந்த அகலத்துக்குப் பாசி படிந்து காய்ந்த தடம் அது. இப்போது விழுகிற நீரிழை அந்தப் பட்டையின் நடுவே எங்கோ ஒரு கையகலம் இருக்கும். பட்டையும் இழையும் ஒரே சட்டகத்துக்குள் வரும்படி எடுங்கள். நல்ல ஆண்டும் வறண்ட ஆண்டும் ஒரே படத்தில் நிற்கும். சொல் எதுவும் தேவைப்படாத படம் அது.

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்களுக்கும் இதே வாய்ப்பு. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. அந்த எண் செய்திகளில் வருகிறது. 2024-ல் கோடையில் பாறைகள் எலும்பாகத் தெரிந்த ஒகேனக்கல்லில், ஜூலை இறுதியில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் பாய்ந்தது. அருவிகளே வெள்ளத்துக்குள் மறைந்தன. ஜூலை 30 அன்று மேட்டூர் முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டது. வறட்சியில் பரிசல்காரருக்கு வேலை குறைவு, வெள்ளத்தில் வேலையே இல்லை. இரண்டு நிலையிலும் அதே பாறையைப் படமெடுத்து, பக்கத்தில் நீர்வரத்து எண்ணை எழுதி வைத்தால் அந்தப் படத்தின் மதிப்பு பல மடங்கு கூடும்.

வறட்சியும் சிலவற்றைக் காட்டும் என்பதற்கு மேட்டூரையே சொல்லலாம். நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி சிலையும் பழைய கிறித்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வருகின்றன. 1934-ல் அணை எழுந்தபோது நீருக்குள் போன ஊர்களின் மிச்சம் அவை. அவற்றைப் படமெடுக்க வறண்ட ஆண்டில்தான் ஆட்கள் போகிறார்கள். நந்திக்குப் போகிற கால்கள் அருவிக்கும் போகட்டும்.

தேதியைப் பற்றி இரண்டு சொல். 2019 இறுதியில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவி வறண்டுவிட்டதாகப் படங்கள் உலகம் சுற்றின. அந்த ஆண்டு அங்கே கடும் வறட்சி என்பது உண்மை. ஆனால் அந்த அருவியின் ஜாம்பியா பக்கத்துச் செங்குத்துப் பாறை ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முந்தைய மாதங்களில் பெருமளவு வறண்டுதான் இருக்கும். மாதத்தைச் சொல்லாத படம் பார்த்தவர்களைத் திகைக்க வைத்தது. பிறகு "இது வழக்கம்தான்" என்று வேறு சிலர் சொன்னதும், உண்மையான வறட்சியையும் சந்தேகிக்க இடம் உண்டானது. சித்திரையில் புளியஞ்சோலை வறண்டிருப்பது செய்தி அல்ல. தையில் வறண்டிருந்தால் செய்தி. எந்த மாதத்தில் எடுத்தது என்று தெரியாத அருவிப் படம் வறட்சியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

நம் கேமரா ஒவ்வொரு கோப்பிலும் தேதியையும் நேரத்தையும் தானே எழுதிவைக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்த விவரம் நீங்கிவிடுகிறது. ஆகவே கோப்பின் பெயரிலேயே அருவியின் பெயர், ஆண்டு, மாதம், நாள் நான்கையும் எழுதுங்கள். ஒரு நிமிட வேலை.

இப்படி ஒரே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் எடுப்பது புதிய யோசனை அன்று. பனியாறுகளை ஆராய்கிறவர்கள் நெடுங்காலமாகச் செய்வது. அலாஸ்காவின் மியூர் பனியாற்றை 1941-ல் வில்லியம் ஃபீல்ட் எடுத்த அதே இடத்தில் நின்று, 2004-ல் புரூஸ் மோல்னியா மறுபடி எடுத்தார். முதல் படத்தில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிக்கட்டி. இரண்டாவதில் திறந்த நீர்ப்பரப்பு, பச்சைச் சரிவு. அந்த இரண்டு படங்களும் பாடப்புத்தகங்களுக்குப் போயின. முதல் படத்தை எடுத்தவர் இடத்தையும் நாளையும் குறித்து வைத்ததால்தான் இரண்டாவது படம் சாத்தியமானது.

வறண்ட காலத்தில் மலையேறுகிறவர்களுக்கு ஒழுங்குகள் சில உண்டு. முதலாவது, தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவைக்கிறது. மூடிய பாதையில் கால் வைக்காதீர்கள். ஆகாய கங்கைப் படிகள், புளியஞ்சோலை போன்ற பொது இடங்களுக்கும் அன்றைக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள். சிகரெட்டும் அடுப்பும் வேண்டாம்.

இரண்டாவது, எஞ்சிய நீர் யாருடையது என்பது. வறட்சியில் அருவிக்குக் கீழே இருக்கும் மடு, அக்கம்பக்கத்து விலங்குகளுக்குக் கடைசித் தண்ணீர். ஓடை துண்டானதால் அங்கே சிக்கிய மீன்களுக்கு அதுவே உலகம். அந்த மடுவில் ஷாம்புப் பொட்டலத்தைக் கிழிப்பதைவிடப் பெரிய கொடுமை இல்லை. முன்புலக் காட்சிக்காகக் கல்லைப் புரட்டாதீர்கள். நீரைத் திருப்பிவிடக் கற்களை அடுக்காதீர்கள். வெயில் சாய்வதற்குள் கிளம்பிவிடுங்கள். பிறகு விலங்குகள் நீர் குடிக்க வரட்டும்.

மூன்றாவது, மனிதர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும்பஞ்சம். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக உட்கார வைத்துப் படமெடுத்தார். பஞ்சத்தின் கொடுமையை உலகம் அந்தப் படங்களால் பார்த்தது. அவர்களை அப்படி உட்கார வைத்து எடுத்த விதத்துக்காக அவரைக் கண்டித்தவர்களும் இருந்தார்கள். இரண்டும் நம் நினைவில் இருக்க வேண்டும். ஊற்றுக்குக் குடத்தோடு நடக்கும் மலைப்பெண்ணை வழியில் பார்த்தால், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். எடுத்தால், ஊற்று எவ்வளவு தூரம், எந்த மாதத்திலிருந்து இப்படி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த அருவியின் வரலாறு அவர் வாயில் இருக்கிறது. அங்கே டீ குடியுங்கள், மிளகு வாங்குங்கள், அன்னாசி வாங்குங்கள். நல்ல சீசனில் நூறு வண்டி வருகிற இடத்தில் வறண்ட ஆண்டில் பத்து வண்டி வந்தால், படிக்கட்டோரம் கடை வைத்திருக்கிறவர் வீட்டில் அதன் வலி தெரியும். வறட்சியில் நாம் போகாமல் இருப்பது அவர்களுக்கு இரண்டாவது வறட்சி.

நான்காவது, திடீர் மழை. வறண்டு இறுகிய சரிவில் முதல் மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் அப்படியே ஓடிவரும். மேலே பெய்தது கீழே நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கி வந்தாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ ஸ்டாண்டை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

இனி நம் கூட்டத்துக்கு ஒரு திட்டம். நாம் ஒவ்வொருவரும் ஓர் அருவியை எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்போம். பெயிண்ட் அடையாளம் வேண்டாம். இயற்கையாக உள்ள ஒரு பாறைமுனையையோ படிக்கட்டின் திருப்பத்தையோ குறித்துக்கொண்டால் போதும். ஆண்டுக்கு நான்கு முறை, ஆடி, ஐப்பசி, தை, சித்திரையில், அதே இடத்தில் நின்று பதிவுப்படம் எடுப்போம். பாதை மூடியிருக்கும் காலத்தில் விட்டுவிட்டு, திறந்ததும் எடுப்போம். அளவு தெரிய ஒரு மனிதரையோ தெரிந்த பாறை ஒன்றையோ சட்டகத்துக்குள் வைப்போம். தண்ணீர் மெல்லிய தாரையாக ஒரே இடத்தில் விழுகிற சிறு ஓடையானால், பத்து லிட்டர் வாளி ஒன்றை வைத்து நிரம்ப எத்தனை நொடி என்று கைக்கடிகாரத்தில் பார்த்து எழுதுவோம். நீரியல் படித்தவர்களும் சிற்றோடைகளை இப்படித்தான் அளக்கிறார்கள். முந்தைய மாதத்தில் அருகிலுள்ள மழைமானியில் பதிவான மழையையும் சேர்த்து எழுதுவோம்.

அந்தப் படங்களை நம் கணினியில் மட்டும் வைக்க வேண்டாம். ஓர் அச்சுப்பிரதி மலையிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு. அவர்கள் அருவியின் வரலாறு முதலில் அவர்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்துக்கு. கேட்டால் வனத்துறைக்கும் ஒன்று. மழை ஒரே அளவு பெய்த இரண்டு ஆண்டுகளை எடுத்துத் தை மாதப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிந்தைய ஆண்டில் அருவி மெலிந்திருந்தால் காரணம் மழை இல்லை, பெரும்பாலும் மண்தான் என்று அந்தப் படங்கள் காட்டிக்கொடுக்கும். காட்டை மீட்கவும் சாமைக்கு விலை கேட்கவும் அதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை. காடு மீண்டுவருகிற இடத்தில் அருவி தடிப்பதையும் அதே படங்கள் காட்டும். அந்த நல்ல செய்தியைச் சொல்லவும் முதலில் மெலிந்த அருவியின் படம் நம்மிடம் இருந்தாக வேண்டும்.

ஆடிப்பெருக்கையொட்டி அரங்கநாதர் கோயிலின் உற்சவரான நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரித் தாய்க்குச் சீர் கொடுக்கிறார். தண்ணீரைத் தாயாக மதிக்கிற ஊரில் நாம் வாழ்கிறோம். தாய் செழிப்பாக இருக்கும்போது மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, மெலிந்திருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளைகளாக நாம் இருக்க வேண்டாம். வருகிற தையில் மழை எப்படி இருந்தாலும் கிளம்புங்கள். உங்கள் அருவியின் பெயரை இந்தக் கூட்டம் முடிந்ததும் மேசையில் இருக்கிற நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த ஆண்டு இதே மாதம் அந்தப் படங்களோடு உட்கார்ந்து பேசுவோம்.